முன்பதிவுக்கு வாங்கிய பணமும் மறைத்து வைத்த வெளியீடும்

அனுப்புநர்:
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: முன்பதிவை ரத்து செய்ய மறுத்தது, அறிவிப்பு நிகழ்ச்சியில் தகவலை மறைத்து விற்றது.

ஐயா / அம்மா,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ரசீது, உங்கள் பதில்கள், என் கணக்கு எண் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன.

நீங்கள் நடத்திய அறிவிப்பு நிகழ்ச்சியைப் பார்த்து, அதில் காட்டிய புதிய வீடியோ கேமுக்கு அன்றிரவே 1,399 ராண்ட் கட்டி முன்பதிவு செய்தேன். அடுத்த வாரமே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், இத்தனை வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த பழைய கேமின் மறுபதிப்பைக் கடையில் இறக்கினீர்கள். 999 ராண்ட் விலை. முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும் 749. முன்பதிவை ரத்து செய்துவிடுங்கள், அந்தப் பணத்தில் இதை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். முடியாது என்றீர்கள். திரும்பக் கேட்டேன். அதே பதிலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் திரும்ப அனுப்பினீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "நீண்ட நாள் ரசிகர்கள் தவறவிடக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். பின்னணியில் அந்தப் பழைய கேமின் கோட்டை வாசல் மங்கலாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் போட்டது நீங்கள், ரசிகர்கள் கற்பனை செய்ததல்ல. என் அக்கா மகன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, வாசலுக்கு மேல இருக்கிற சிங்கத்தைப் பாருங்க" என்று என் கைப்பேசியையே பிடுங்கிக்கொண்டான். அவன் பிறப்பதற்கு முன்பே வந்த கேம் அது. நானும் என் தம்பியும் ஆடியதைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை.

அமெரிக்காவின் பசிபிக் நேரம் பிற்பகல் 2 மணி என்று போட்டிருந்தீர்கள். டர்பனில் அது இரவு 11 மணி. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தும், அக்காவிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் காத்திருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் திரை கறுத்தது. "இன்னும் ஒன்று பாக்கி" என்றார் உங்கள் தொகுப்பாளர். பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வந்தது புதிய கேமின் டீலக்ஸ் பதிப்பு விளம்பரம். முன்பதிவு இப்போதே திறந்திருக்கிறது, இந்த வாரம் பதிவு செய்தால் கேம் பாத்திரத்துக்கு ஒரு சிவப்பு அங்கி இலவசம் என்றீர்கள். பழைய கேமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, இந்த வருடம் அது வராது என்று எல்லோரும் முடிவு செய்தோம். அப்படி முடிவு செய்ய எங்களுக்குக் காரணம் இருந்தது: பெரிய நிகழ்ச்சி நடத்தி, கோட்டை வாசலைக் காட்டிக் கூப்பிட்டு, அதிலும் சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வீர்கள்? பையன் விடுமுறையில் அவன் மாமா கடையில் நின்று சம்பாதித்ததையும் தீபாவளிக்குக் கிடைத்ததையும் சேர்த்துப் பாதிப் பணம் தந்தான். மீதியை நான் போட்டேன். அப்படித்தான் அந்த 1,399 ராண்ட் உங்களிடம் வந்தது.

அடுத்த வாரம் மறுபதிப்பு வந்தபோது எங்கள் கையில் பணம் இல்லை. இங்கே பலரைப் போல எனக்கும் 25-ஆம் தேதிதான் சம்பளம். அதற்குள் உங்கள் 48 மணி நேரம் முடிந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். அந்த நிகழ்ச்சி நடந்த இரவில், மறுபதிப்பு அடுத்த வாரம் வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் இருக்க வழியே இல்லை. இவ்வளவு பெரிய கேமை எழுதி முடித்து, சோதித்து, வயது வரம்புச் சான்று வாங்கி, கடையில் ஏற்றத் தயாராக வைத்திருந்திருக்கிறீர்கள். திடீர் என்பது எங்களுக்கு மட்டும்தான். உங்கள் நாட்காட்டியில் அந்தத் தேதி மாதக்கணக்கில் இருந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் நாங்கள் எதை வாங்கியிருப்போம் என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒன்றைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் இன்னொன்றை இறக்கினீர்கள்.

நான் திடீர் வெளியீடுகளுக்கு எதிரி இல்லை. அவற்றுக்குச் சொல்லப்படும் நியாயமும் எனக்குத் தெரியும். சீக்கிரமே சொல்லிவிட்டு வருடக்கணக்கில் காக்க வைப்பது அதைவிடக் கொடுமை. மெட்ராய்டு பிரைம் 4-க்கு 2017-இல் ஒரு லோகோவைக் காட்டினார்கள். 2019-இல் வேலையை முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார்கள். கேம் கைக்கு வந்தது 2025 டிசம்பரில். சைபர்பங்க் 2077-ஐ 2012-இலேயே அறிவித்து, 2020-இல் வெளியிட்ட சில நாட்களில் சோனி தன் கடையிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. இதோடு ஒப்பிட்டால் 2023 ஜனவரி 25 அன்று எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் ஹை-ஃபை ரஷ் வந்த விதம் எவ்வளவு அழகு. அப்படி ஒரு கேம் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. காட்டினார்கள், அன்றைக்கே ஆடலாம் என்றார்கள். மாதச் சந்தா கட்டியவர்களுக்குத் தனியாகக் காசும் இல்லை. 2019 பிப்ரவரி 4-இல் அப்பெக்ஸ் லெஜெண்ட்ஸ் வந்ததும் அப்படித்தான். இலவச கேம், ஒரே வாரத்தில் 2.5 கோடிப் பேர் ஆடினார்கள். அவற்றில் யாருக்கும் இழப்பில்லை, அவசரமும் இல்லை. அன்று பார்க்காதவன் அடுத்த மாதம் பார்த்தாலும் அதே கேம் அதே நிபந்தனையில் கிடைத்தது. 2025 ஏப்ரல் 22-இல் ஆப்லிவியன் மறுபதிப்பை அறிவித்த அன்றே விற்பனைக்கு விட்டபோது எங்கள் தெருவில் எத்தனை பேர் குதித்தார்கள் என்று பார்த்தவள் நான்.

ஆனால் திடீர் வெளியீடு நம்பியிருந்த ஆட்களைத் தவிக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் துறையிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. 1995 மே 11, லாஸ் ஏஞ்சலஸ், முதல் இ3 கண்காட்சி. சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் என்ற கேம் கருவி செப்டம்பர் 2-இல் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மேடையில் ஏறிய சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி, இன்றே கடைகளில் இருக்கிறது, விலை 399 டாலர் என்றார். கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் சரக்கு போனது நான்கு கடைக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குச் சொல்லவே இல்லை. கேபி டாய்ஸ் என்ற பெரிய கடை கோபத்தில் சேகா பொருள்களையே விற்க மாட்டேன் என்று ஒதுக்கியது. செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த வெளி நிறுவனங்களின் கேம்கள் தயாராக இல்லை. கருவி வந்துவிட்டது, ஆடுவதற்கு அதிகம் இல்லை. அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று ப்ளேஸ்டேஷனின் விலையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அமெரிக்காவில் சாட்டர்ன் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. சேகா அன்று தன் கூட்டாளிகளை இருட்டில் வைத்தது. நீங்கள் முன்பதிவுக்குப் பணம் கட்டியவர்களை இருட்டில் வைத்தீர்கள்.

அந்த 48 மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்களைப் போன்ற தூரத்து ஊர்க்காரர்களை நினைத்து வைத்த கெடு அல்ல. உங்கள் கடைப் பக்கத்தில் பசிபிக் நேரம் மட்டும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் வருடம் முழுவதும் ஒரே நேரம்தான். அமெரிக்காவில் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அதனால் உங்கள் 2 மணி எங்களுக்குச் சில மாதம் இரவு 11, சில மாதம் நள்ளிரவு 12. தள்ளுபடி எப்போது முடிகிறது என்று அறிய ஒவ்வொரு தடவையும் நாங்கள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அப்புறம் கேமின் அளவு: 120 ஜிபி. விநாடிக்கு 25 மெகாபிட் ஓடும் வீட்டு இணைப்பில், இடையில் அறுந்து போகாமல் ஓடினாலே பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசி டேட்டாவை மட்டுமே நம்பியிருப்பவர். அவருக்கு இது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். தேதி முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்கள் வீட்டு இணைப்பிலேயே அவருக்கும் முன்கூட்டி இறக்கி வைத்திருக்கலாம்.

2023-இல் எங்கள் ஊரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போதும் எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணை தந்தார்கள். கைப்பேசியில் அதைப் பார்த்துத்தான் சோறு வடித்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். நேரம் முன்னால் தெரிந்தால் கஷ்டத்தைக்கூடச் சமாளித்துக்கொள்ளலாம் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாங்கள். ஒரு கேம் வாங்க இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்பது அதிகமில்லை.

இரண்டு வாரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. ஹாலோ நைட்: சில்க்சாங் கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அது வருமா வருமா என்று ஆறு வருடம் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அது தயாரானபோது 2025 ஆகஸ்ட் 21 அன்று, செப்டம்பர் 4-இல் வெளியீடு என்று சொன்னார்கள். சரியாக இரண்டு வாரம். அந்த அவகாசத்தில் வேறு சின்ன நிறுவனங்கள் சில தங்கள் கேம்களைத் தள்ளிவைத்துக்கொண்டன, வாங்குகிறவர்கள் பணத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். வெளியான நேரத்தில் கடைகளின் இணையதளங்களே திணறிப்போகும் அளவுக்குக் கூட்டம். முன்கூட்டிச் சொன்னால் ஆரவாரம் குறைந்துவிடும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு நினைத்தால், இதை அவர்களிடம் காட்டுங்கள். அந்தக் கேமைச் செய்த, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கைவிரல் எண்ணிக்கை ஆட்களே உள்ள ஒரு சிறு குழுவால் முடிந்தது உங்களால் முடியாதா?

இனி நீங்கள் அனுப்பிய பதிலுக்கு வருகிறேன். "முன்பதிவுப் போனஸ் உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டதால் பணத்தைத் திரும்பத் தர இயலாது" என்கிறீர்கள். அந்தப் போனஸ் சிவப்பு அங்கி. அதை உடுத்த வேண்டிய கேம் இன்னும் வெளிவரவில்லை. என் கணக்கைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் படமும் பக்கத்தில் ஒரு பூட்டும் மட்டும்தான் தெரிகின்றன. உங்கள் கடைப் பொத்தான் ஒன்றை அழுத்தி நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய படம் அது. அதைக் கொடுத்துவிட்டோம், பொருள் கைமாறிவிட்டது என்று சொல்வது நியாயமே இல்லை.

எங்கள் நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. விற்பவர் நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும் கேட்கலாம். அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, வாங்குகிறவர் முடிவெடுக்க முக்கியமான விவரத்தை ஏமாற்றும்படி மறைப்பதையும் தடுக்கிறது. ராண்டில் விலை போட்டு, இந்த நாட்டு வரியும் சேர்த்து விற்கிறீர்கள். அதனால் இந்தச் சட்டம் எங்களுக்கில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு வேண்டியது: முன்பதிவுப் பணம் 1,399 ராண்டையும் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தாருங்கள். அங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பை அந்த 749 ராண்ட் விலைக்கே வாங்க எனக்கு அனுமதி தாருங்கள். எனக்கு மட்டுமல்ல, அந்த நிகழ்ச்சியிலிருந்து மறுபதிப்பு வந்த நாள் வரை முன்பதிவு செய்த எல்லோருக்கும் இதைச் செய்யுங்கள். யார் யார் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கெஞ்ச வேண்டியதில்லை.

இனிமேல் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. திடீரென்று வெளியிட விரும்பினால் வெளியிடுங்கள், சந்தோஷமாக ஆடுவோம். ஆனால் அறிமுக விலையை ஒரு சம்பளத் தேதியாவது உள்ளே வரும்படி ஒரு மாதம் வைத்திருங்கள். நேரத்தை ஜோஹன்னஸ்பர்க் நேரத்திலும் போடுங்கள். ஒரு கேமுக்கு முன்பதிவு வாங்கி முப்பது நாளுக்குள் இன்னொன்றைச் சொல்லாமல் இறக்கினால், முந்தைய முன்பதிவைக் கேள்வி கேட்காமல் ரத்து செய்து கொடுங்கள். நிகழ்ச்சியில் சொல்லப்போகாத கேமின் கோட்டை வாசலை அழைப்பிதழில் போட்டுக் குழந்தைகளை இரவு 11 மணிக்கு உட்கார வைக்காதீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் பதில் வேண்டும். முன்பு அனுப்பிய அச்சடித்த பதிலே திரும்ப வந்தால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் தேசிய நுகர்வோர் ஆணையத்திடம் கொடுப்பேன். பணத்தைத் திருப்பும்போது என் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், கடை வரவாக வேண்டாம். அதில் பாதி பையனுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு ரசீது, அழைப்பு மின்னஞ்சல், உங்கள் இரண்டு பதில்கள், பூட்டிய போனஸின் ஸ்கிரீன்ஷாட்