‘கணிதத்தில் பலவீனம்’ என்று எழுதியது தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டப்புறப் பிள்ளைகள் தங்கள் பலம் எது, பலவீனம் எது என்று தெரிந்துகொள்ளாமலேயே ஐந்தாம் படிவம் (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு) வரை வந்துவிடுகிறார்கள் என்று அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் வருத்தத்துடன் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தெரிந்துகொள்ள அவர்கள் முயல்வதே இல்லை என்று அவர் முடித்திருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முயன்று பார்த்தும் தவறான விடையை எழுதி வைத்திருந்தவள் நான். அந்த விடை எப்படித் தவறாயிற்று என்பதைச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். நான் பிறந்த 2007-ஆம் ஆண்டில்தான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, 2019-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் அத்தேர்வு நடக்கவில்லை; 2021-இல் அது அகற்றப்பட்டது; ஆகவே அதை எழுதிய கடைசிப் பிள்ளைகள் நாங்கள். நாங்கள் மூன்றாம் படிவத்தில் இருந்த 2022-இல் அப்படிவத்துக்குரிய பொதுத்தேர்வான பி.தி.3-உம் அகற்றப்பட்டது. இதனால் யு.பி.எஸ்.ஆருக்கும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கும் இடையில் பொதுத்தேர்வு ஒன்றைக்கூட எழுதாமலேயே வந்தோம். வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை ஏதாவது ஓர் எண் கிடைக்கும்; 6 தான் உயர்ந்தது. பெரும்பாலான பாடங்களில் எனக்கு 4, கணிதத்தில் மட்டும் 2 அல்லது 3.

எஸ்.பி.எம்.முக்குப் பின் ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆலோசக ஆசிரியை ஒரு தாளைக் கொடுத்து, இடப்பக்கம் பலத்தையும் வலப்பக்கம் பலவீனத்தையும் எழுதச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பலம்: மொழி, மனப்பாடம். பலவீனம்: கணிதம். கீழே, நான் பார்த்துக் கற்பவளா, கேட்டுக் கற்பவளா, செய்து கற்பவளா என்று ஒரு கேள்வி இருந்தது. ‘பார்த்து’ என்பதற்கு நேரே குறியிட்டேன். (மாணவர்களை இப்படி வகை பிரித்து, அந்தந்த வகைக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இலேயே எழுதிவிட்டார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் தாள்களை விட்டுப் போகவில்லை.)

அந்தத் தாளில் நான் எழுதியதில் ஒரு சொல்கூட என்னுடையது அன்று என்பது சில வாரங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இரண்டாம் படிவத்தில் தர அட்டை வாங்கும் நாளன்று, “மொழியில் கெட்டிக்காரி, கணக்கில்தான் கொஞ்சம் வீக்” என்று அம்மாவிடம் சொல்லப்பட்டது. அம்மா அதைச் சித்தியிடம் சொன்னார். சித்தி கோவிலில் நாலு பேரிடம் சொன்னார். அதன்பின் நான் கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்தபோது யாரும் வியக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு வராத பிள்ளை எதற்கு வீணாகச் சிரமப்பட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் என்மேல் அன்பு கொண்டவர்கள். அதனால்தான் மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

அம்மா எங்கள் பழைய தேர்வுத்தாள்களை ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டு, அலமாரியின் மேல் வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததால் அதை இறக்கினேன். அதில் என் கணிதத் தாள்கள் பதினான்கு இருந்தன. அவனுக்காக எடுத்தவள் என்னுடையதையே படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் பக்கத்தில், எதனால் தவறினேன் என்று பென்சிலால் எழுதத் தொடங்கினேன். பின்னங்களில் தவறில்லை. இயற்கணிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறியை மாற்றி எழுதியிருந்தேன். எண்களாக மட்டும் கொடுக்கப்பட்ட கணக்குகளில் பெரும்பாலும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. நான் தோற்றதெல்லாம் மூன்று நான்கு வரிகளில் மலாய்மொழியில் எழுதப்பட்ட கணக்குகளில்.

ஒரு தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்காம் படிவத்து நேரியல் சமனிலிக் கணக்கு; ஓர் அளவுக்கு மேலா கீழா என்று பார்த்து, கோட்டின் அந்தப் பக்கத்தை நிழலிட வேண்டும். ஒரு பழக்கடைக்காரர் வாங்கும் பெட்டிகள் ‘செக்குராங்-குராங்ஞா’ 40 என்று கேள்வியில் இருக்கிறது. அதன் பொருள் ‘குறைந்தது 40’, அதாவது 40 அல்லது அதற்கு மேல். நானோ அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘குராங்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, குறைவு என்று பொருள் செய்து, 40-க்குக் கீழே போய்விட்டேன். வரைபடத்தாளில் கோடு மிகச் சரியாக 40-இல் நிற்கிறது. பென்சிலால் நிழலிட்ட பகுதி கோட்டின் தவறான பக்கத்தில் இருக்கிறது. அதையும் எவ்வளவு அழகாக, கோட்டைத் தாண்டாமல் தீட்டியிருக்கிறேன்! ‘செலெபி-லெபிஞா’ என்று வந்த இடத்திலும் இதே கதைதான். ‘லெபி’ என்றால் அதிகம் என்று மேலே போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல் குறிப்பது ‘அதிகம் போனால் இவ்வளவு’ என்பதை. இந்த இரண்டு சொற்களை நான்காம் படிவத் தொடக்கத்திலிருந்து ஐந்தாம் படிவ முன்னோட்டத் தேர்வு வரை ஒன்பது இடங்களில் தலைகீழாகப் படித்திருக்கிறேன். ஒன்பது இடத்திலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போடப்பட்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் அந்தச் சொல் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ‘குறைந்தது’ என்பதற்குள் குறைவு இருக்கிறது. ஆனால் “இன்றைக்குக் குறைந்தது நூறு குலையாவது இறக்கினால்தான் கட்டுப்படியாகும்” என்று அப்பா காலையில் சொல்லிவிட்டுப் போனால், நூறுக்குக் கீழே என்று எங்கள் வீட்டில் யாரும், தம்பிகூட, புரிந்துகொள்ள மாட்டார்கள். அந்தச் சொல்லை ஆயிரம் முறை காதால் கேட்டிருக்கிறோம். மலாய்ச் சொல்லை நான் காதால் கேட்கவே இல்லை. தமிழில் கணக்குப் படித்துவிட்டு 2020 ஜனவரியில் இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்பின் இல்லிருப்புக் கற்றல் என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் பயிற்சித்தாளின் படங்கள். வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி. எஸ்.பி.எம். எழுதவிருந்த அண்ணனுக்குத்தான் அதில் முதல் உரிமை. எனக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும். வகுப்பறையில் ஆசிரியர் நூறு தடவை வாயால் சொல்லி, பிள்ளைகளின் காதில் தானாகப் படிய வேண்டிய சொற்களை நான் எழுத்தாக மட்டுமே பார்த்தேன். பார்த்ததை ஊகித்தேன். ஊகம் தவறியது. இதற்குப் பெயர் கணிதத்தில் பலவீனமா?

இதே தவறு அப்பாவின் வேலையில் நடந்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். வெட்டிய குலைகளைச் சாலையோர மேடையில் அடுக்கி, அவரவர் எண்ணைக் காம்பில் குறித்து வைப்பார்கள். மண்டோர் (வேலைக் கண்காணிப்பாளர்) வந்து எண்ணும்போது, பழுக்காத குலை எத்தனை, காம்பு நீளமாக விடப்பட்டது எத்தனை, மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்காமல் கிடக்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பார். “உனக்கு வெட்டத் தெரியாது” என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் அப்பாவிடம் சொன்னதில்லை. “நேற்று உன் எண்ணில் மூன்று குலை காய்” என்பார்கள். மறுநாள் அப்பா, மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்று ஒரு கணம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டுத்தான் நீளக் கழியின் அரிவாளை உயர்த்துவார். அவருக்குக் கிடைக்கும் அளவு விளக்கம்கூட என் தர அட்டையில் இருந்த 2 என்ற எண்ணில் இல்லை.

இனி, பலம் என்று நான் எழுதிய மனப்பாடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் எந்தப் பாட்டையும் இரண்டே நாளில் ஒப்பிப்பேன். அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் படிவ வரலாற்றில், பேராக் சுல்தான் பதவிக்காக ராஜா அப்துல்லா ஆங்கிலேயரின் ஆதரவை ஏன் நாடினார், அது சரியான முடிவுதானா என்று ஒரு கேள்வி வந்தது. ஆங்கிலேயர் அவரைச் சுல்தானாக ஏற்ற பங்கோர் ஒப்பந்தம் 1874 ஜனவரி 20-இல் கையெழுத்தானது என்பதில் தொடங்கி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘ஏன்’ என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளும் அதே தகரத்தில் இருந்தது. நினைவாற்றல் எனக்கு உண்மையிலேயே இருக்கிறது. அது இருந்த காரணத்தால், புரியாத இடங்களில் நான் நிற்கவே இல்லை. ஒப்பித்துக்கொண்டே கடந்து போய்விட்டேன். மலாய்மொழிச் சொற்களின் பொருளைக் கேட்டுத் தெளியாமல் போனதற்கும் இந்தப் பழக்கமே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஆக, நான் இடப்பக்கம் எழுதியதுதான் வலப்பக்கத்தில் எழுதியதை வளர்த்திருக்கிறது.

நன்றாகப் படித்திருக்கிறோம் என்ற உணர்வு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எங்கள் ஆசிரியை ஓர் ஆய்வைச் சொன்னார். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரை அதை மறுபடியும் படிக்கவும், சிலரைப் படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். அவர்களுக்கு நினைவிருந்தது 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தின இரவு கண்ணை மூடி ஒப்பித்து, எல்லாம் தலையில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிய எனக்கு, அந்த நிம்மதி ஐந்து நிமிடக் கணக்கைச் சேர்ந்தது என்பது புரிந்தது.

எஸ்.பி.எம். கணிதத்தில் எனக்குக் கிடைத்தது ‘இ’, அதாவது தேர்ச்சியின் கடைசிப் படி. அது இனி மாறாது. அறிவியல் பிரிவுக்கும் திரும்ப முடியாது. அதற்காக எந்த ஆசிரியரையும் குறைகூற நான் எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளின் தாள்களை இரவு முழுக்கத் திருத்துபவரால், ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் பக்கத்தில் காரணம் எழுத முடியாது. ஆனால் காரணத்தைப் பிள்ளையே எழுதலாம் அல்லவா? திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்கினால் போதும். ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் தங்கள் நாள் பாடத்திட்டத்தில் சிந்தனை மீட்சி, அதாவது பாடம் எப்படி நடந்தது என்ற திரும்பிப் பார்த்தல், எழுதுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாணவருக்கும் கொடுத்தால், மேலே சொன்ன பலம்-பலவீனத் தாளே தேவைப்படாது. சொல்லப்போனால், சிவப்புக் கோடு விழுந்த தாள் ஒன்றுகூட முன்னால் இல்லாமல் அந்தத் தாளை நிரப்பச் சொல்வதை நிறுத்திவிட்டாலே நல்லது. அப்படி எழுதப்படுவது, பிறர் நம்மைப் பற்றிச் சொன்னதன் நகலாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “எந்தப் பாடத்தில் வீக்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எந்தக் கேள்வி தவறியது, காட்டு” என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைக் கேட்கலாம். பிள்ளை விளக்க முயலும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது கேட்பவருக்குப் புரியாவிட்டாலும், சொல்கிற பிள்ளைக்குப் புரிந்துவிடும். தம்பிக்கு இப்போது நான் அதைத்தான் செய்கிறேன். அவன் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். மலாய்மொழிக் கணக்கை முதலில் வாய்விட்டுப் படித்து, தமிழில் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அவனுக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை. போன வாரம் ‘பாக்கி’ என்பதையும் ‘பேசா’ என்பதையும், அதாவது மீதியையும் வேறுபாட்டையும், ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டான். எழுதுவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது.

ஆசிரியர் ஐயா, தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் மாணவர் பகுதியில் மாதிரிக் கட்டுரைகளும் மாதிரி விடைகளும் தவறாமல் வருகின்றன. அவற்றை வெட்டி ஒட்டி, மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அவற்றோடு வாரத்துக்கு ஒரு தவறான விடையையும், அது எப்படித் தவறியது என்ற விளக்கத்தோடு வெளியிட முடியுமா? தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எந்தெந்தச் சொல்லில் வழுக்கி விழுகிறார்கள் என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். முதல் வாரத்துக்கு, பழக்கடைக்காரரின் நாற்பது பெட்டிக் கணக்கை என் வரைபடத்தாளுடன் அனுப்பி வைக்கிறேன். தவறான பக்கத்தில் தீட்டிய பென்சில் நிழல் இன்னும் அழியவில்லை.

இப்படிக்கு,
ஆறாம் படிவ மாணவி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.