செவ்வாய்க்கிழமைக் கூடத்தாருக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். செவ்வாய்தோறும் மூட்டுநோய் உள்ளவர்களுக்குக் களிமண் பட்டறை நடத்தும் உங்கள் கூடத்துக்கு நன்றி சொல்லவே இந்த மடல். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பேனாவை நெடுநேரம் பிடிக்க என் விரல்கள் இன்னும் ஒத்துழைப்பதில்லை.

மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் சிறுவயதிலேயே சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடப் பழகிவிடுவோம். துணியைத் துளியளவு கிள்ளி எடுத்து, நூலை அதன்மேல் இறுகச் சுற்ற வேண்டும். சாயத்தில் தோய்த்துக் காய்ந்தபின் நூலைப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாகும். 2005-ல் சுங்கடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதில் என் விரல்களுக்கும் பங்கு உண்டு என்று பூரித்துப் போனேன். அந்த விரல்களைத்தான் முடக்குவாதம் பிடித்தது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது என்று வாதநோய் மருத்துவர் விளக்கினார். அவரிடம் போவதற்கு முன், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தே இரண்டு வருடங்களைக் கழித்திருந்தேன். அரித்துப்போன மூட்டை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. அதனால் அந்த இரண்டு வருடங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரம் ஆகியும் விரல்கள் மடங்காமல், இரண்டு கைகளிலும் வீக்கம் இருந்தால், தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை வீக்கத்தை அடக்கியது. ஆனால் கைக்கு வேலை இல்லை. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் "நீங்கள் உட்காருங்கள்" என்றார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே நான் யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டதாக நினைக்கத் தொடங்கியிருந்தேன். அந்த நாட்களில் ஒருநாள், எதிர்வீட்டு ஆசிரியை அக்கா என்னைக் கேட்காமலே ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, "சேலை மாற்றிக்கொண்டு வா" என்றார். அக்கா, அன்று உங்கள்மேல் கோபப்பட்டேன். மன்னித்துவிடுங்கள்.

கூடத்தில் என்னைத் தொட்ட முதல் விஷயம் நேரம். காலையில் எங்கள் விரல்கள் விறைத்திருக்கும் என்று தெரிந்து, பட்டறையைப் பதினொரு மணிக்கு வைத்திருந்தீர்கள். தரையில் பாய் விரிக்காமல் சாய்மான நாற்காலி போட்டீர்கள். மண் வழிக்கும் குச்சிகளின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினீர்கள். யாரும் கேட்காமலே இதையெல்லாம் யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

விளாச்சேரியிலிருந்து களிமண்ணோடு வரும் பொம்மைக் கலைஞர் அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. புரட்டாசி நெருங்கும்போது உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போதும் ஒரு செவ்வாய்கூட நீங்கள் தவறவில்லை. சுங்கடிக்கு நுனிவிரல் வேண்டும். நீங்களோ உள்ளங்கையால் மண்ணை அழுத்தவும் உருட்டவும் கற்றுக்கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, எனக்கு நோய் என்று சொல்லி என் வேலையில் குறை சொல்லாமல் நீங்கள் விடவில்லை. "கழுத்து நிற்காது, பிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள் அம்மா" என்றீர்கள். கைவேலை தெரிந்தவளிடம் பேசுவதுபோல் ஒருவர் என்னிடம் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

இயன்முறை மருத்துவம் பார்க்கும் பெண்ணே, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஓயவைக்க நீ கடிகாரம் பார்த்துக்கொண்டே நின்றாய். மூட்டு சிவந்து சூடாக இருந்த நாளில் மண்ணைத் தொடவே விடாமல், அருகில் உட்கார்ந்து பேச்சு மட்டும் கேட்கச் சொன்னாய். பால் பாத்திரத்தைக் காதைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குவது நீ சொல்லித் தந்ததுதான். களிமண் என் நோயைத் தீர்க்கவில்லை, மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. ஆனால் என் கை இப்போது தினமும் அசைகிறது.

இருபத்து நான்கு வயதில் இதே நோயோடு வரும் தம்பி, உன்னைப் பார்த்தபிறகுதான் இது கிழவிகளின் நோய் என்ற என் நினைப்பு போனது. உனக்குச் சுங்கடி முடிச்சைச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். என் வாய் சொன்னது, மருமகள் விரல் செய்து காட்டியது. உன் விரலுக்கு அது வேண்டாம் என்று இயன்முறை மருத்துவப் பெண் தடுத்துவிட்டாள். அவள் சொன்னதே சரி. ஆனால் என் மருமகள் அன்றோடு முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள், அந்த நன்றி உனக்கு.

கை நனைக்க ஒவ்வொரு வாரமும் வெந்நீர் போட்டுவைக்கும் கூடத்துக் காவலர் ஐயாவுக்கும், மாடிப்படி வேண்டாம் என்று கீழ் அறையைத் திறந்துவிட்டவருக்கும், கூலி பேசாமல் அழைத்துப்போகும் ஆட்டோ தம்பிக்கும் என் நன்றி.

மீனாட்சி அம்மன் கையில் இருப்பது போல ஒரு கிளி செய்திருக்கிறேன். கழுத்து மூன்றாம் முறை நின்றுவிட்டது. இந்தக் கொலுவில் கீழ்ப்படியில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறாள் மருமகள். பச்சை இன்னும் பூசவில்லை, செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மஹால் தெருவிலிருந்து உங்கள் அம்மா ஒருத்தி