நாளுக்கு 2 மணி நேர வேலை கேட்டு ஒரு திறந்த மடல்

வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் எல்லோருக்கும், கல்லூரி நிர்வாகத்தினருக்கும் சேர்த்தே,

வணக்கம். நான் ஓட்டப் பயிற்சியாளன். என்னிடம் பயிற்சி பெறும் ஒரு மாணவிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியை விளையாட்டு உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். மீதிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் அவளே சம்பாதிக்க வேண்டும். கேடயங்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. இப்போது அவளுக்குத் தேவை ஒரு வேலை.

"மாலை ஷிப்டு காலியாக இருக்கிறது, வரச் சொல்லுங்கள்" என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரவு 11 மணிக்கு முடியும் வேலைக்குப் போகிறவள் விடிகாலையில் மைதானத்துக்கு வர முடியாது. வந்தாலும் ஓட முடியாது. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பயிற்சியில் களைத்த உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வதே அந்த நேரத்தில்தான். அதைப் பிடுங்கிவிட்டுச் சம்பளம் கொடுத்தால், எந்தத் திறமைக்காக இடம் கிடைத்ததோ அதுவே முதலில் போய்விடும்.

வில்மா ருடால்ஃப் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றவர். அமெரிக்காவின் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது வேலையோடு சேர்ந்த உதவித்தொகையில். வளாகத்துக்குள்ளேயே நாளுக்கு 2 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வருமே அதே பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் எட் டெம்பிளிடம் பயின்றவர்கள். வேலைக்கென்று பஸ் பிடிக்க வேண்டாம், இரவில் தனியே திரும்ப வேண்டாம், வகுப்புக்கும் மைதானத்துக்கும் நடுவில் முடித்துவிடலாம். நான் கேட்பதும் இதைத்தான்.

என்ன வேலை என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், விளையாட்டுச் சாமான் அறையின் கணக்கைப் பார்க்கலாம், சிறுவர்களுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கலாம். மூட்டை தூக்கும் வேலையும் நாள் முழுக்க நிற்கும் வேலையும் மட்டும் வேண்டாம். போட்டித் தேதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த நாள்களில் விடுப்பு கொடுங்கள், போட்டி இல்லாத மாதங்களில் அவள் ஈடுகட்டிவிடுவாள்.

சம்பளத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும் கணக்கிலேயே கொடுங்கள், எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுத்திலும் வைத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. அமெரிக்க வீரர் ஜிம் தார்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றார். விளையாட்டுக்குக் காசு வாங்கியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. மாணவராக இருந்த காலத்தில், கோடையில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-இல் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். அவர் இறந்தது 1953-இல். வெற்றியைத் திருப்பித் தர முடிவானது 1982-இல். இன்று விதிகள் எவ்வளவோ தளர்ந்துவிட்டன. ஆனாலும் உதவித்தொகைக்கு உதவித்தொகை நிபந்தனை மாறும். அதனால் அவளை உங்கள் விளம்பரத்தில் நிற்க வைப்பதற்கு முன்பு கல்லூரியிடமும் விளையாட்டுச் சங்கத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். (விளம்பரமே இல்லாமல் உதவ முடிந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.)

இன்னொன்றும் கேட்கிறேன், சிலருக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். பதக்கத்தைப் பார்த்துக் கொடுத்த வேலையைப் பதக்கம் வராதபோது பிடுங்காதீர்கள். தொடைத் தசை ஒருமுறை கிழிந்தால் ஒரு பருவமே போய்விடும். அந்தப் பருவத்திலும் விடுதிக் கட்டணம் கட்டித்தானே ஆக வேண்டும்? ஒப்புக்கொண்ட வேலையை அவள் ஒழுங்காகச் செய்கிறாளா என்று மட்டும் பாருங்கள். செய்யவில்லை என்றால் மற்றவர்களிடம் கேட்பதுபோல அவளிடமும் கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது முழுநேர வேலை ஒன்றுதான் என்றால், அதை இரண்டு மூன்று மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியுமென்றால் அருகிலுள்ள கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரிடம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதை முதலில் சொல்லுங்கள். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சியாளன்