கோமதிக்கு, மும்பை முலுண்டிலிருந்து

அன்புள்ள கோமதி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மே மாதம் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள். பேச்சியத்தை இன்னும் என்னை 'பம்பாய்க்காரி' என்றுதான் சொல்கிறாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை எங்கள் சொசைட்டியில், அதுதான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், மலைப்பாம்பு. படித்துறையில் அந்தக் கயிற்றைப் பார்த்து நீ ஓடிய ஓட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடிதத்தைத் தூர வைத்துவிடாதே, முழுதும் படி.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சுவர், அதற்கு அப்பால் காடு. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரம் எங்கள் பக்கம்தான் வருகிறது. நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுற்றிலும் நகரம். மழைக்கு முன்னால் அந்தச் சுவரை இடித்து உயர்த்திக் கட்ட வேண்டும் என்று சொசைட்டிக் கூட்டத்தில் முடிவானது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

காலை ஏழு மணிக்கு வேலையாள் ஒரு பழைய கல் பலகையைப் புரட்டினான். "அஜ்கர், அஜ்கர்" என்று சத்தம். மலைப்பாம்புக்கு இங்கே அதுதான் பெயர். நான் பால் வாங்கக் கீழே வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். உரல் அளவுக்குச் சுருண்டு கிடந்தாள். மண் நிறத்தில் பெரிய பெரிய திட்டு, சுருளின் உச்சியில் தலை. 'கிடந்தாள்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சுருளின் இடுக்கில் வெள்ளையாக முட்டைகள் தெரிந்தன. அந்த உடம்பு சில வினாடிக்கு ஒருமுறை விக்கல் வந்ததுபோல் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. வலிப்போ, அடிபட்டுவிட்டதோ என்று எனக்குப் பதறிவிட்டது.

அதற்குள் இரண்டு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். எங்கள் வாட்ச்மேன் குறுக்கே நின்று யாரையும் கிட்டே விடவில்லை. விஷமே இல்லாத பாம்பு, சட்டப்படி புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும் என்று அவர்தான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். வனத்துறை ஆட்கள் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நான் நகரவில்லை.

வந்தவர்களில் ஒரு பையன் அந்தத் துடிப்பு என்னவென்று சொன்னான். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது இல்லையா? ஆனால் மலைப்பாம்புத் தாய் தசையைத் துடிக்க வைத்து, உடம்பைச் சூடாக்கி, முட்டைக்கு அந்தச் சூட்டைக் கொடுக்கிறாள். காற்று குளிர்ந்தால் துடிப்பு கூடும். அடைகாக்கும் இரண்டு மாதமும் இரை தேடிப் போவதில்லை. பட்டினி கிடந்து, நடுங்கி நடுங்கிக் காக்கிறாள். கோமதி, இத்தனை வருஷம் அந்தச் சுவர்ப் பக்கம் துணி உலர்த்தியிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டு மாதம் வேலி போட்டு அப்படியே விட்டுவைக்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். குழந்தைகள் விளையாடுகிற இடம், முடியாது என்று சொசைட்டியில் சொல்லிவிட்டார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்றுவரை அது அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அவளைப் பிரித்தெடுத்துத் துணிப்பையில் விட்ட பிறகு முட்டைகளைப் பார்த்தேன். இருபத்திரண்டு. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கோழிமுட்டை ஓடுபோல் இல்லை, தோல் மாதிரி. எடுக்கும் முன்னால் ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான் அந்தப் பையன். கரு மேலே ஒட்டியிருக்குமாம், முட்டை புரண்டால் குஞ்சு செத்துவிடும். நம் பாட்டி கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவாளே, அத்தனை பதமாக எடுத்துப் பெட்டியில் வைத்தான். அவளை அன்று மாலையே காட்டுக்குள் விட்டுவிட்டார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் காடு என்றாலே எல்லோரும் சிறுத்தையைத்தான் சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான்: 2015 கணக்கெடுப்பில் 35, 2018-இல் 47. உள்ளே வார்லிப் பழங்குடி மக்கள் வாகோபா என்று புலித் தெய்வத்தைக் கும்பிட்டு சிறுத்தையோடு வாழப் பழகியிருக்கிறார்கள். துளசி, விஹார் ஏரிகளில் முதலை இருக்கிறது. நகரத்துக்குக் குடிநீரும் அங்கிருந்து வருகிறது. கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். ஆனால் மலைப்பாம்பு நம் வீட்டு வாசல்வரை வருவது நம்மால்தான். குப்பையை நாம் கொட்டுகிறோம், எலி பெருகுகிறது, எலியைத் தேடி அது வருகிறது. சுவரை உயர்த்திவிட்டுக் குப்பையை அப்படியே வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்? அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். சுவரடியில் தண்ணீர் போகவும் பிராணிகள் போகவும் வழி விடச் சொல்லியும் கேட்கப்போகிறேன். செயலாளருக்கு இப்போதே என்மேல் கோபம்.

அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? ராஜி மகள் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்களா? வீடு விற்கிற விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன், அதற்கு இன்னொரு காகிதம் வேண்டும்.

முட்டை பொரிந்ததும் போன் செய்வதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். மழை பிடிக்கும் சமயத்தில் இருக்கும். குஞ்சுகளைக் காட்டுக்குள் விடும்போது நானும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். நீயும் அந்தச் சமயம் வாயேன். கயிறு பயம் இருந்தாலும் பரவாயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நில்.

உன்,
வள்ளி