ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனையும் மருந்தும் வீட்டருகே கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
இதயத் துடிப்புக் கோளாறு உள்ள தாயின் மகள் மற்றும் கையொப்பமிட்டுள்ள பகுதிவாசிகள்,
வியாசர்பாடி, சென்னை – 600 039.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கான ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஓ.பி. சீட்டில் மருத்துவர்கள் ஏ.எஃப். என்று சுருக்கி எழுதும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்காக இந்த மனுவைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இந்நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இடது மேலறையின் ஓரத்தில் பை போல ஒட்டியிருக்கும் பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒருநாள் நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. இதய வால்வு சுருக்கமும் சேர்ந்திருந்தால் இன்னும் பல மடங்கு. இப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையாகவே வருகிறது. பேச்சு போய், ஒரு பக்கம் முழுவதும் விழுந்து, வீட்டில் இன்னொருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டிய நிலை வருகிறது.

இதைத் தடுக்க மருந்து இருக்கிறது, அதுவும் மலிவான மருந்து. வார்ஃபாரின், அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம் போன்ற மாத்திரைகளைச் சரியான அளவில் சாப்பிட்டால் பக்கவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கலாம் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, மாத்திரையை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லும் ஐ.என்.ஆர். பரிசோதனை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்த மனுவில் நாங்கள் கேட்பதில் முதன்மையானது அந்தப் பரிசோதனையே.

என் அம்மா பூ கட்டி விற்பவர். சிறு வயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, அரசு மருத்துவமனையில்தான் பலூன் சிகிச்சை செய்து அவரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றும் உண்டு. பிறகு ஏ.எஃப். வந்தது. அன்றிலிருந்து அம்மாவிடம் கையடக்க நோட்டு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் தேதி, நடுவில் ஐ.என்.ஆர். அளவு, வலப்பக்கம் எந்தக் கிழமைக்கு எத்தனை மாத்திரை என்ற குறிப்பு. ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். அந்த நோட்டில் ஒரு வரியில் 1.4 என்றிருக்கிறது, அடுத்த வரியில் 4.1, அதற்கும் அடுத்ததில் 1.7. 1.4 என்றால் மாத்திரை சாப்பிட்டும் போதிய பாதுகாப்பு இல்லை. 4-ஐத் தாண்டினால் ஈறில் கசிவதில் தொடங்கி மூளைக்குள் ரத்தம் கசிவது வரை எதுவும் நடக்கலாம்.

மருந்து தவறாமல் சாப்பிடும் ஒருவருக்கு அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு நோட்டின் இடப்பக்கத்துத் தேதிகளே பதில். மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய பரிசோதனை இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போயிருக்கிறது. நாங்கள் போகும் பெரிய மருத்துவமனையில் காலையில் சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, முடிவு வருவதற்குள் ஓ.பி. முடிந்துவிடும். மறுநாள் மறுபடி போய் வரிசையில் நின்றால்தான் மாத்திரை அளவை மாற்றித் தருவார்கள். பூ வியாபாரம் விடியற்காலையில் தொடங்கிக் காலையோடு முடிந்துவிடும் தொழில். இரண்டு காலையை விட்டால் இரண்டு நாள் வருமானமும் போயிற்று. தனியார் லேபில் பார்க்கலாம்தான். ஆனால் அந்தச் செலவை மாதாமாதம் தாங்கும் குடும்பங்கள் எங்கள் தெருவில் குறைவு. கூலி வேலைக்குப் போகும் யாருக்கும் இதே கதைதான்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் இன்று இருக்கின்றன. சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையாளத் தெரிந்த செவிலியருக்கு இதைக் கற்பிப்பது கடினமில்லை. ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு கருவியும் அதற்கான பட்டைகளும் வழங்கி, வாரத்தில் ஒரு கிழமையை இதற்கென்று ஒதுக்கி, முடிவைப் பார்த்த கையோடு மாத்திரை அளவையும் எழுதித்தர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் முதல் கோரிக்கை இதுவே. கருவி வாங்க நாளாகும் என்றால், நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, அன்றே தொலைபேசியில் மாத்திரை அளவைச் சொல்லும் ஏற்பாட்டையாவது தொடங்கலாம். மாலை நேரத்திலும் இது நடந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருதவி.

ருமாட்டிக் வால்வு நோயால் ஏ.எஃப். வந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனைக்கு மாற்றே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, அவற்றைக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் எழக்கூடும். 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது 50-ஐ ஒட்டி. அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபாரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் புதிய மாத்திரைகள் கூடாது. மேலை நாடுகளில் ஏ.எஃப். பெரும்பாலும் முதியோர் நோய். நம் நாட்டிலோ இந்திய மருத்துவர்கள் தொகுத்த பதிவேட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோயே காரணமாக இருந்தது. ஆகவே இங்கே ஐ.என்.ஆர். இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.

மாத்திரை வழங்கும் இடத்திலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கையிருப்பு இல்லையென்று வார்ஃபாரினுக்குப் பதில் அசிட்ரோம் தருவதும், 2 மில்லிகிராமுக்குப் பதில் 1 மில்லிகிராம் தருவதும் நடக்கிறது. இரண்டு மருந்தும் ஒரே வேலையைச் செய்தாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமல்ல. எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்திருக்கும் வயதானவர் “ராத்திரி ஒண்ணரை” என்று பழையபடியே விழுங்கிவிடுவார். ஒரு நோயாளிக்குத் தொடங்கிய மருந்தையே தொடர்ந்து தரவும், மாற்ற நேர்ந்தால் மருத்துவர் எழுதிய பிறகே மாற்றவும், சில நாளில் ஐ.என்.ஆர். பார்க்கவும் உத்தரவிட வேண்டும்.

வால்வு சுருக்கமோ உலோக வால்வோ இல்லாமல் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வயது ஆகிய காரணங்களால் ஏ.எஃப். வந்தவர்களின் நிலை வேறு. இவர்களுக்கு டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் மிகவும் பொருந்தும். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டாம், மூளைக்குள் ரத்தக்கசிவும் வார்ஃபாரினைவிடக் குறைவு. மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் டாபிகாட்ரான் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது முதல் மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்துவருகிறது. இந்திய நிறுவனங்கள் பலவும் இம்மருந்துகளைத் தயாரிக்கும் இக்காலத்தில் கழகம் ஒப்பந்தம் கோரினால் குறைந்த விலையில் கிடைக்கும் என்று நம்புகிறோம்.

அப்படி வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். டாபிகாட்ரானில் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவீதம், சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சென்னையில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதுபட்ட முதியவர்கள் ஏராளம். அவர்களுக்கு அபிக்ஸபானே பொருத்தமாக இருக்கும் என்பதால் இரண்டையும் வாங்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை விடாமல் நடக்க வேண்டும். அடுத்து, டாபிகாட்ரான் கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தந்தால், கடலோர ஊரான சென்னையின் ஈரக்காற்றில் மருந்து கெட்டுவிடும். சாப்பிடும் வேளையில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும், கேப்சூலை உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. மருந்தாளுநர்களுக்கு இதை எழுத்து மூலம் அறிவுறுத்தினால் நல்லது.

இன்னொரு வழக்கம் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. வயதானவர், ரத்தம் கசிந்துவிடுமே என்று பயந்து, ஏ.எஃப். இருப்பது தெரிந்தும் ஆஸ்பிரின் மட்டும் எழுதித்தருவது பல இடங்களில் தொடர்கிறது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஆஸ்பிரினை ஒருநாள் தவறாமல் சாப்பிட்டுவந்தவர். ஒரு விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. இன்று மனைவியின் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. 75 வயது கடந்தவர்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2007-ல் வெளியான பாஃப்டா ஆய்வில், ஆஸ்பிரினைவிட வார்ஃபாரின் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவோ அதிகரிக்கவில்லை. 2011-ல் அபிக்ஸபானை ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது. ஏ.எஃப்.-க்கு ஆஸ்பிரின் மட்டும் போதாது என்பதை எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின் போன்றவை பொதுவாகக் கிடைப்பவை. அவற்றில் எங்களுக்குப் பெரிய குறையில்லை. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சாப்பிடுவோருக்குத் தைராய்டு, கல்லீரல் பரிசோதனையும், அதனோடு வார்ஃபாரின் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஏறிவிடும் என்ற எச்சரிக்கையும் அவசியம்.

நோயைக் கண்டுபிடிப்பதில் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பி.பி. பார்க்கும்போதே மணிக்கட்டில் அரை நிமிடம் விரல் வைத்து நாடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்குப் பயிற்சி தரலாம். டிஜிட்டல் பி.பி. கருவிகள் பலவற்றில் துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் ஒரு சிறு இதயக் குறி மினுங்கும். அந்தக் குறி வந்தாலோ நாடி தாறுமாறாக இருந்தாலோ அந்த வாரமே இ.சி.ஜி. எடுக்க அனுப்பினால் போதும். படபடப்பு எதுவும் இல்லாமலே ஏ.எஃப். இருப்பவர்கள் பலர். பக்கவாதம் வந்த பிறகுதான் அவர்களுக்கு நோய் இருப்பதே தெரியவருகிறது.

வராமல் தடுப்பதற்கு ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், குடியை விடுவதும், தைராய்டு பார்ப்பதும் உதவும். ஆனால் எங்கள் பகுதிக்கு முதலில் வேண்டியது குழந்தைகளின் தொண்டை வலியைக் கவனிப்பது. காய்ச்சலோடு வரும் தொண்டை வலிக்குப் பள்ளி வயதில் முறையாகப் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலே வராமல் தடுக்கலாம். வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, கையிருப்பு இல்லையென்று ஒருமுறைகூட நிற்கக் கூடாது. என் அம்மாவுக்கு அந்த வயதில் அது கிடைத்திருந்தால் இந்த நோட்டுக்கே வேலை இருந்திருக்காது.

கடைசியாக, ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்று வேண்டும். என்ன மாத்திரை, ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதோடு, மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஐ.என்.ஆரை இறக்கும், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் அதை ஏற்றும், முருங்கைக்கீரையை அறவே விட வேண்டாம், ஆனால் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்பனவும் அதில் இருக்கட்டும். பல் பிடுங்கப் போகும்போது தாமாக மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். அந்த அட்டையைக் காட்டினால் பல் மருத்துவரே முடிவு சொல்வார்.

இவற்றை ஒரே நாளில் சென்னை முழுவதும் செய்வது கடினம் என்பது எங்களுக்குப் புரிகிறது. ருமாட்டிக் இதய நோயாளிகள் நெருக்கமாக வாழும் வடசென்னையில் மாநகராட்சி மண்டலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐ.என்.ஆர். கிழமையை முதலில் தொடங்கலாம். நகர்ப்புற நிலையங்கள் பெருநகர சென்னை மாநகராட்சியின் கீழ் வருவதால் ஆணையர் அவர்களுக்கும், மருந்துக் கொள்முதல் குறித்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் இம்மனுவின் நகலை அனுப்பியுள்ளோம். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், கருத்துக் கேட்கும் கூட்டம் எதுவும் நடந்தால் நோயாளிகளின் குடும்பத்தாரையும் அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரரும் பகுதிவாசிகளும்,
வியாசர்பாடி.

இணைப்பு: ஐ.என்.ஆர். நோட்டின் நகல், பகுதிவாசிகளின் கையொப்பங்கள்.