ஒற்றைக்கைக்காரிக்கு முதலில் கூரை போடட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மாலகா பேராலயத்துக்கு ஒரே ஒரு பத்திதான், அதிலும் பாதி, கட்டாமல் விட்ட கோபுரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவதிலேயே போய்விட்டது. (மலேசியாவின் மலாக்கா இல்லை, இது தெற்கு ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரம் இருக்கிற ஊர். என் வீட்டிலேயே இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.) நான் சுற்றுலாக் கப்பலில் சமையல்கட்டில் வேலை பார்த்தவன். மதியப் பாத்திரம் கவிழ்த்துவிட்டு ராத்திரிக்கு வெங்காயம் உரிக்க உட்காருவதற்குள் கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் துறைமுகத்திலிருந்து நடந்தே போய்த் திரும்பிவிடலாம் என்பதால் அந்தக் கட்டடத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

1487 இல் ஸ்பெயினின் ராணி இசபெல்லாவும் அவர் கணவர் ராஜா ஃபெர்டினாண்டும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள், பெரிய பள்ளிவாசலையே தேவாலயமாக்கிக்கொண்டார்கள். புதிதாகக் கட்டத் தொடங்கியது 1528 இல், நிறுத்தியது 1782 இல். முடித்தது என்று எழுத முடியாது, நிறுத்தியதுதான். வடக்குக் கோபுரம் 84 மீட்டர் நிற்கிறது. தெற்கில் இருப்பது பாதியிலேயே நின்ற அடிப்பகுதி, அதன் உச்சியில் தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் தூண்கள் மொட்டையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் 'லா மன்கீட்டா' என்கிறார்கள், நம் பேச்சில் ஒற்றைக்கைக்காரி. கேலி இல்லை, செல்லம்.

சரி, பணம் எங்கே போனது? ஆங்கிலேயருக்கு எதிராக ஸ்பெயின் உதவிய அமெரிக்க விடுதலைப் போருக்குப் போய்விட்டது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் கோபுரத்தடியில் உள்ள பலகையும் அப்படித்தான் சொல்கிறது, அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் போரில் 1781 இல் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த ஸ்பானியத் தளபதி பெர்னார்தோ தெ கால்வெஸ் பிறந்தது மாலகாவுக்குப் பக்கத்து மலைக் கிராமமான மச்சராவியாயாவில்தான், அதனால் கதை ஊருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. துறைமுகம் வழியாகப் போன சரக்கின் மேல் போட்ட வரியில்தான் அந்தக் கட்டட வேலை ஓடியது, பிறகு அந்த வருமானத்தை பக்கத்து ஊர்களான அந்தெக்கேராவுக்கும் வெலெஸுக்கும் சாலை போடத் திருப்பிவிட்டார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. திராட்சையும் ஒயினும் விற்றுப் பிழைத்த ஊருக்கு, மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் வழி இரண்டாவது கோபுரத்தைவிட அவசரம்.

பேராலயத்துக்கு உள்ளே போன கட்டுரையாளர் தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் தியேகோ தெ சிலோயேயின் கைவண்ணம் என்பார்கள். உயரமான பீடம், அதன் மேல் தூண், அதற்கு மேல் ஒரு கனத்த தலைப்பகுதி, அதோடு முடிந்தது என்று நினைத்தால் அங்கிருந்து இன்னொரு தூண் கிளம்பி மேலே போகிறது, அதன் பிறகுதான் வளைவு. ஒரே தூணை அந்த உயரத்துக்கு நீட்டினால் மரம் மாதிரி பருத்திருக்கும், அதனால் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். நடுக்கூடம், பக்கக்கூடங்கள் மூன்றுக்கும் ஒரே உயரம், நாற்பது மீட்டருக்குமேல். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் பாடகர் இருக்கை வரிசை, பெத்ரோ தெ மேனா 17ஆம் நூற்றாண்டில் செதுக்கிய நாற்பது புனிதர்கள், எல்லாம் வெறும் மரம், வண்ணம் கிடையாது. ஒரு புனிதரின் அங்கி மடிப்பை எட்ட நின்று பார்த்துவிட்டு, துணி காற்றில் அசைந்ததோ என்று நான் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

கோபுரத்தை எப்போது கட்டுவார்கள் என்று கேட்டுக் கட்டுரை முடிகிறது. கோபுரம் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை, மழை ஒழுகுவதுதான் நஷ்டம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஓட்டுக்கூரையே போடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. இருநூறு படி ஏறி மேலே போனால் கவிழ்த்து வைத்த பெரிய சட்டிகள் போலச் செங்கல் குமிழ்களாக இருக்கும், உள்ளே நாம் அண்ணாந்து பார்த்த விதானத்தின் முதுகு அதுதான். அந்த ஊரில் மழை கொஞ்ச நாள்தான், ஆனால் பெய்தால் கொட்டும். செங்கல் வழியாக இறங்கிய தண்ணீர் கீழே கல்லில் கறையாகப் பூத்திருப்பதைப் பார்த்தேன். கட்டடக் கலைஞர் வெந்துரா ரோட்ரிகஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கூரை வரைந்து கொடுத்துவிட்டார், அதை வைத்துத்தான் இப்போது மரச்சட்டமும் ஓடும் போடும் வேலைக்கு இறங்கியிருக்கிறார்கள். எழுதவேண்டிய செய்தி இதுவல்லவா!

கடைசியாக ஒன்று. பாதிக் கோபுரத்தைப் பற்றி எழுதிவிட்டு, நீங்கள் போட்டிருக்கும் படம் முழுக் கோபுரத்துடையது. தெற்குப் பக்கத்துப் படம் வேண்டுமென்றால் என்னிடம் இரண்டு இருக்கிறது, அனுப்புகிறேன். ஒன்றில் மட்டும் கை ஆடியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி