சோதித்துத் தேர்ந்தெடுத்த லாட் ஒன்று, வந்து சேர்ந்தது வேறு: ஏர் ரைபிள் குண்டுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஜூன் 9ஆம் தேதி, என் மகள் ஏர் ரைபிள் சுடப் பயிற்சி பெறும் ஈப்போ கிளப்பின் வழியாக உங்களிடம் 4.50 மில்லிமீட்டர் அளவுள்ள போட்டி ஈயக் குண்டுகள் எட்டு டின் வாங்கினேன். டின்னுக்கு 500 வீதம் 4,000 குண்டுகள். 440 வெள்ளியை (ரிங்கிட்) முன்கூட்டியே செலுத்திவிட்டேன். வந்து சேர்ந்தவை நான் கேட்டவை அல்ல. இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியும் பயனில்லாததால் எழுதுகிறேன்.

மே மாதம் நீங்கள்தான் ஆறு லாட்டுகளிலிருந்து, அதாவது ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த ஆறு தொகுதிகளிலிருந்து, மாதிரிக் குண்டுகளை அனுப்பினீர்கள். பயிற்றுநர் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. 27 என்று முடியும் லாட்டில் பத்துக் குண்டுகளும் ஒரே துளையில் இறங்கின. துளையின் வெளி அகலம் 5.4 மில்லிமீட்டர். ஒரு குண்டின் அகலமே 4.5 என்னும்போது இது எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே தெரியும். அதே பிராண்டு, அதே 4.50 அளவு, வேறொரு லாட்டில் துளை 7.2 மில்லிமீட்டருக்கு விரிந்தது. குண்டை அழுத்தி எடுக்கும் அச்சு தேயத் தேயத் தலையின் அளவும் பின்பக்க விளிம்பின் தடிமனும் நூலிழை மாறுகின்றன. அந்த மாற்றத்தை ஒரு குழல் ஏற்கும், இன்னொரு குழல் ஏற்காது. எந்தக் குழலுக்கு எது பொருந்தும் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. சுட்டுத்தான் அறிய வேண்டும். அதனால்தான் லாட் எண்ணைக் குறிப்பிட்டு எட்டு டின் கேட்டேன். இருப்பு இருக்கிறது என்று நீங்களும் உறுதி சொன்னீர்கள்.

வந்த டின்களின் அடியில், லாட் எண் இருக்கும் இடத்தின் மேல் உங்கள் விலைச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. பொட்டலத்தைத் தூக்கியபோது உள்ளே டின்கள் உருண்டு மோதும் ஓசை கேட்டது. பஞ்சோ தாளோ எதுவும் வைக்கவில்லை. இரண்டு டின்களின் மூடி நசுங்கியிருந்தது. ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் உலோகம். குண்டின் பின்பக்க விளிம்பு மெல்லியது. காற்று உந்தும்போது குழலோடு ஒட்டி விரிய வேண்டியது அந்த விளிம்புதான். அது வளைந்திருந்தால் குண்டு நேராகப் போகாது.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு குண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண் 10.9. மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகும் ஒவ்வொரு முறையும் 0.1 குறைகிறது. அறுபது குண்டுகள் சுடும் சுற்றில் குண்டுக்கு 0.1 போனாலே ஆறு மதிப்பெண்கள் போய்விடும்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் நின்ற நம் நாட்டு நூர் சூர்யானியின் படத்தைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருப்பவள். உங்கள் குண்டுகளை இரண்டு வாரம் சுட்டாள். காரணம் தெரியாமல் குண்டுகள் சிதறின. தவறு தன்னுடையது என்றே அவள் நினைத்தாள். நிற்கும் நிலையை மாற்றினாள், மூச்சை அடக்கும் நேரத்தை மாற்றினாள், விசையில் விரல் வைக்கும் இடத்தைக்கூட மாற்றினாள். ஓராண்டாகப் பாடுபட்டுப் படிய வைத்த பழக்கங்கள் அவை. வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் பேசாமலே வந்தாள்.

குண்டுகளைக் கவனித்தவர் என் தந்தை. முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் மரத்தில் காயம்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பது அவர் கைக்குத் தெரியும். கிளப்பின் தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து வைத்து, பழைய மாதிரியில் மிஞ்சியவற்றையும் புதியவற்றையும் ஒவ்வொன்றாக உருட்டினார். மாதிரிக் குண்டுகள் எல்லாம் ஒரே வளைவில் ஓடி ஒரே இடத்தில் விழுந்தன. புதியவை ஆளுக்கொரு பக்கம் ஓடின. “இது அந்தக் குண்டு இல்லை, ஆயி” என்றார். விலைச் சீட்டைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தோம். எட்டு டின்களில் மூன்று வெவ்வேறு எண்கள். அவற்றில் ஒன்றுகூட 27இல் முடியவில்லை. மீண்டும் இடுக்கியில் பூட்டிச் சுட்டபோது துளை 8.1 மில்லிமீட்டர்.

இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர், “பிராண்டு ஒன்றுதானே, அளவும் ஒன்றுதானே, பிள்ளையின் கை ஆடியிருக்கும்” என்றார். இடுக்கிக்குக் கை இல்லை, ஐயா. அந்த ஒரு வாக்கியத்திற்காக என் மகளிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனமார எதிர்பார்க்கிறேன்.

மாதிரியைக் காட்டி விற்ற பொருள் அந்த மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குத் தரும் உத்தரவாதம். 27இல் முடியும் லாட் கையிருப்பில் இருந்தால் எட்டு டின்களையும் மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் 440 வெள்ளியையும் திருப்பித் தாருங்கள். வேறு லாட்டை “அதே தரம்தான்” என்று அனுப்ப வேண்டாம். இனி யாருக்கு அனுப்பினாலும் லாட் எண்ணின் மேல் சீட்டு ஒட்டாதீர்கள், டின்கள் அசையாதபடி பொதிந்து அனுப்புங்கள். பதினான்கு நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன்.

பிரிக்காத ஐந்து டின்களும் பிரித்த மூன்றும் உரித்த சீட்டுகளோடு கிளப்பின் பண்டக அறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். சுட்டுத் துளைத்த இலக்குத் தாள்களின் படங்களை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்